‘டேக்’கை ஸ்பானிஷுக்குக் கொண்டு போவது எப்படி?

காரைக்குடியைச் சுற்றியுள்ள பெரிய வீடுகளில் பலவும் இப்போது வெளிநாட்டு விருந்தாளிகள் தங்கும் இடங்களாகிவிட்டன. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ அப்படி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முகப்பில் ஓர் அறிவிப்பு, அறையில் ஒரு தாள், சாப்பாட்டு மேசையில் ஒரு மெனு இருக்கும். எல்லாம் ஆங்கிலத்தில். அவற்றை ஸ்பானிஷில் எழுதித் தருவது என் வேலை. ஸ்பெயினில் ஆகஸ்ட்தான் விடுமுறை மாதம். அதனால் டிசம்பர், ஜனவரி சீசன் முடிந்த பிறகும் இந்த வேலைக்குத் தேவை இருக்கிறது.

இதைக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் வினைத்திரிபு அட்டவணைகளை எண்ணித்தான் பயப்படுகிறார்கள். அட்டவணையை மனப்பாடம் செய்துவிடலாம். ஆளைத் தடுக்கி விடுவது ஆங்கிலத்தின் சின்னச் சின்ன வினைகள்: டேக், கெட், லீவ், ஆஸ்க், ‘தெரியும்’ என்று பொருள்படும் நோ. இவற்றில் ‘டேக்’ ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவற்றுக்கும் வழி தெரிந்துவிடும் என்பதால் அதையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் எழுத்து பற்றி ஒரு வார்த்தை. விடுதி வேலையாட்கள் வாசிக்க வசதியாக ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். சொல்லின் நடுவில் ஒற்றைத் ‘த’ வந்தால் ‘பாதை’யில் வருவதுபோல மென்மையாகவும், ‘த்த’ என்று இரட்டித்தால் ‘பத்து’ போல அழுத்தியும் வாசியுங்கள். ஸ்பானிஷின் த-வும் நம்மைப் போலப் பல்லில் நாக்கு தொட்டு வருவதுதான். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு வராத உச்சரிப்பு நமக்குத் தானாகவே வரும்.

சரி, வேலைக்கு வருவோம். வீட்டுக்கார ஆச்சி ஒரு தாளைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு வரி, சாமி அறையில் படம் எடுக்காதீர்கள் என்று ஒரு வரி, வெளியே போகும்போது சாவியை எடுத்துப் போங்கள் என்று ஒன்று, சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும் என்று ஒன்று, ஆத்தங்குடிக்கு உங்களை அழைத்துப் போகிறோம் என்று ஒன்று. ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றிலும் ‘டேக்’ உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நான் இப்போது தமிழில் சொன்னதைத் திரும்பப் பாருங்கள். கழற்று, எடு, எடுத்துப் போ, ஆகும், அழைத்துப் போ. ஆங்கிலம் ஒன்றாகக் கட்டிவைத்ததைத் தமிழ் ஏற்கெனவே பிரித்துக் கொடுத்துவிட்டது.

என் முறை இதுதான். அகராதியில் ‘டேக்’ என்று தேடவே தேடாதீர்கள். தேடினால் பக்கம் பக்கமாக வரும், முதலில் கண்ணில் படுவதை எழுதத் தோன்றும். அந்த ஆங்கில வாக்கியத்தை அடுப்படியில் நிற்கும் ஆச்சியிடம் நீங்கள் எப்படிச் சொல்வீர்களோ அப்படி வாய்விட்டு ஒருமுறை தமிழில் சொல்லுங்கள். எந்த வினை வாயில் வருகிறதோ அதற்கு ஸ்பானிஷ் தேடுங்கள். ஸ்பானிஷும் தமிழைப் போலவே உண்மையில் என்ன செயல் நடக்கிறது என்று பார்த்து வினையைத் தேர்ந்தெடுக்கிற மொழி.

கழற்று என்று வந்தால் கித்தார்ஸெ. அறிவிப்பில் மரியாதையோடு ‘கீத்தெஸெ லோஸ் ஸப்பாத்தோஸ், போர் ஃபவோர்’ என்று எழுதலாம். இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ‘யுவர் ஷூஸ்’ என்று இருக்கும். ஸ்பானிஷில் ‘உங்கள்’ வேண்டாம், ‘லோஸ்’ போதும். ‘செருப்பைக் கழற்றுங்க’ என்று நாமும் அப்படித்தானே சொல்கிறோம்? மற்றவர் செருப்பையா கழற்றப் போகிறார்கள்? கோயில், மசூதி வாசல்களுக்குத் ‘தெஸ்கால்ஸெஸெ’ என்று ஒரே சொல்லும் உண்டு. காலணியைக் கழற்றுங்கள் என்ற முழுப் பொருளும் அதற்குள் அடங்கிவிடும். பலகை சின்னதாக இருந்தால் நான் அதையே எழுதுகிறேன்.

படம் எடுப்பதற்கு ‘ஸக்கார் ஃபோத்தோஸ்’. ஸக்கார் என்றால் உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது: பையிலிருந்து பணம், கிணற்றிலிருந்து தண்ணீர். படத்தையும் அப்படியே ‘வெளியே எடுக்கிறார்கள்’. ஸ்பெயினில் ‘அஸேர் ஃபோத்தோஸ்’ என்பதும் அதே அளவு சகஜம், லத்தீன் அமெரிக்காவில் ‘தொமார்’ போட்டும் சொல்வார்கள். மூன்றுமே சரி. வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்பெயின்காரர்கள் என்றால் அஸேர் போடுங்கள்.

தொமார் என்பதைத்தான் அகராதிகள் ‘டேக்’குக்கு நேராக முதலில் வைக்கும். அதை நம்பி எல்லா இடத்திலும் போட்டால் வாக்கியம் கெடும். அதன் சொந்த இடங்கள் வேறு. காப்பி, டீ, மருந்து, மாத்திரை எல்லாவற்றுக்கும் தொமார். ‘தொமா கஃபே?’ என்றால் ‘காப்பி சாப்பிடுறீங்களா?’ நாம் மாத்திரையைப் போடுகிறோம், கஷாயத்தைக் குடிக்கிறோம், காப்பியைச் சாப்பிடுகிறோம். இங்கே தமிழ் பிரிக்கிறது, ஸ்பானிஷ் ஒன்றாக வைக்கிறது. பஸ் பிடிப்பதும் தொமார், முடிவெடுப்பதும் தொமார்.

பஸ் என்றதும் ஓர் எச்சரிக்கை. ஸ்பெயினில் பஸ் பிடிப்பதற்கு ‘கொஹேர்’ என்று வீட்டுக் குழந்தைகூடச் சொல்லும். அதே சொல் மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் படுக்கையறைக் கொச்சை. ஸ்பானிஷ் ஏறக்குறைய 20 நாடுகளின் ஆட்சிமொழி. எந்த ஊர்க்காரர் அந்த அறையில் தங்குவார் என்று தாள் எழுதும்போது நமக்குத் தெரியாது. தொமார் எல்லா ஊரிலும் சுத்தமான சொல், ஆகவே எழுத்தில் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் ஸ்பெயின்காரர் கொஹேர் என்றால் பதறவும் வேண்டாம்.

அடுத்து யெவார். எனக்கு ஸ்பானிஷில் மிகப் பிடித்த வினை இது. கொண்டு போ, அழைத்துப் போ, தூக்கிப் போ எல்லாம் யெவார்தான். சாவி வாக்கியம் ‘யேவெஸெ லா யாவெ’ என்று ஆகிறது. ஆத்தங்குடிக்கு அழைத்துப் போவது ‘லோஸ் யெவாமோஸ் ஆ ஆத்தங்குடி’. பொருளுக்குக் கொண்டு போ, ஆளுக்குக் கூட்டிப் போ என்று தமிழ் இரண்டு வைத்திருக்கிறது. ஸ்பானிஷ் வினையைப் பிரிக்காமல் வேறொன்று செய்கிறது: ஆள் என்றால் முன்னால் ஓர் ‘ஆ’ சேர்க்கும். ‘யெவோ லா மலேத்தா’ என்றால் பெட்டியைக் கொண்டு போகிறேன். ‘யெவோ ஆ மி மாத்ரெ’ என்றால் அம்மாவைக் கூட்டிப் போகிறேன். இந்த ‘ஆ’-வை ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் மாதக்கணக்கில் மறந்துகொண்டே இருப்பார்கள். நமக்கு அந்தச் சிரமம் தேவையில்லை, நம்மிடம் ஐ வேற்றுமை இருக்கிறது. ‘பெட்டி தூக்கினான்’ என்று ஐ இல்லாமல் சொல்லலாம். ‘அம்மா கூட்டிப் போனான்’ என்று சொல்லவே முடியாது, ‘அம்மாவை’ என்று வந்தே ஆக வேண்டும். ஐ-யை விடவே முடியாத ஆள் என்றால் அங்கே ஆ போடுங்கள். நூற்றுக்கு நூறு பொருந்தாது, ஆனால் ஆரம்பக்காரருக்கு இதைவிட நல்ல பிடி எனக்குத் தெரிந்து இல்லை.

யெவாருக்கு இன்னொரு வேலையும் உண்டு, சாப்பாட்டு மேசையில். நம்மூர் மிளகுக் கோழியை வைத்ததும் விருந்தாளி ‘கே யெவா?’ என்று கேட்பார். யார் எதைக் கொண்டு போகிறார்கள் என்று பரிமாறும் பிள்ளை விழிப்பான். ‘இதுல என்னென்ன போட்டிருக்கு?’ என்பதுதான் கேள்வி. ‘யெவா பிமியென்தா, இனோஹோ, அனீஸ் எஸ்த்ரெயாதோ’ என்று சொல்ல வேண்டும்: மிளகு, சோம்பு, அன்னாசிப்பூ. இனோஹோ சரியாகச் சொன்னால் பெருஞ்சீரகம், அதாவது நம் சோம்பு. கல்பாசிக்கு அங்கே சமையலறைப் பெயர் கிடையாது, ஆகவே பாறையிலும் மரத்திலும் படரும் ஒருவகைப் பாசி என்று விளக்கி ‘லீக்கென்’ என்று எழுதுகிறேன். மெனுவில் ஆங்கிலம் ‘ஹேஸ்’ என்றோ ‘கன்டெய்ன்ஸ்’ என்றோ எழுதியிருந்தாலும் சரி, சாப்பாட்டுக்கு யெவார் போட்டால்தான் சமையல் தெரிந்தவர் எழுதியதாக அவர்களுக்குப் படும்.

நேரத்துக்குப் போவோம். இங்கே இரண்டு சொல், இரண்டையும் கலக்கக்கூடாது. காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும்: ‘ஸெ தார்தா ஊனாஸ் தோஸ் ஓராஸ்’. வீட்டைச் சுற்றிக் காட்டுவது ஒரு மணி நேரம் நடக்கும்: ‘லா விஸீத்தா தூரா ஊனா ஓரா’. ஒன்றை முடிக்க, ஓர் இடம் சேர ‘ஆகும்’ என்றால் தர்தார். ஒரு நிகழ்ச்சி இத்தனை நேரம் ‘நடக்கும்’, ‘ஓடும்’ என்றால் துரார். பாட்டுக் கச்சேரி துரார், பஸ் வந்து சேர்வது தர்தார். ஆங்கிலத்தில் இரண்டுக்குமே ‘டேக்ஸ்’ போட்டிருப்பார்கள், அங்கே வித்தியாசத்தைத் தேடிப் பயனில்லை.

டேக் எ பாத், டேக் எ ரெஸ்ட், டேக் எ சீட் போன்றவற்றுக்கு நேரம் செலவழிக்காதீர்கள். அவற்றில் வினை வெறும் கூடு, பொருள் பின்னால் வரும் பெயரில்தான் இருக்கிறது. குளி, ஓய்வெடு, உட்கார்: துச்சார்ஸெ, தெஸ்கன்ஸார், ஸென்தார்ஸெ. ஷவரில் குளிப்பதற்குத்தான் துச்சார்ஸெ, தொட்டிக் குளியலுக்கும் ஊருணிக் குளியலுக்கும் பஞ்ஞார்ஸெ. கார்டு வாங்குவீர்களா என்று கேட்டால் அது ‘அஸெப்தான் தர்ஹேத்தாஸ்?’, அவ்வளவுதான்.

இதுவரை தமிழ் துணைக்கு வந்தது. இனி அது கைவிடும் இடங்களைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இங்கேதான் சறுக்குகிறார்கள். விருந்தாளி அறையிலிருந்து போன் செய்து தண்ணீர் கேட்கிறார். நீங்கள் கீழே வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில் இருக்கிறீர்கள். ‘இதோ கொண்டு வர்றேன்’ என்று தமிழில் சொல்வோம், ஆங்கிலத்திலும் அப்படியேதான். ஸ்பானிஷில் கொண்டு வருவது, அதாவது த்ராயேர், பேசுகிறவர் இப்போது நிற்கும் இடத்தை நோக்கி மட்டுமே. தண்ணீர் உங்கள் இடத்தை விட்டு அவர் அறைக்குப் போகிறது, எனவே ‘ஸெ லா யெவோ’. அதே விருந்தாளி வளவில் உங்கள் எதிரே உட்கார்ந்து கேட்கிறார், நீங்கள் அடுப்படிக்குப் போய் இங்கேயே திரும்பி வரப் போகிறீர்கள் என்றால் ‘ஸெ லா த்ராய்கோ’. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘கொண்டு வர்றேன்’.

கூப்பிட்ட குரலுக்கு ‘இதோ வர்றேன்’ என்பதும் இதே கதை. ஸ்பானிஷில் அங்கே ‘வருகிறேன்’ செல்லாது, ‘யா வோய்’, அதாவது போகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். எழுத்தில் வோய், காதில் விழுவதோ கிட்டத்தட்ட ‘பொய்’. அந்த ஓசையோடு நம் ‘போய்’ என்ற சொல்லைச் சேர்த்து மனதில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகு மறப்பதில்லை.

இப்போது ஒரு முழுப் பத்தியை எடுத்துச் செய்து பார்ப்போம். ஆத்தங்குடிக் கல் என்னும் தரைக்கல் எப்படித் தயாராகிறது என்று விளக்கும் ஆங்கிலக் குறிப்பு இப்பக்கத்து விடுதிகளில் அடிக்கடி கிடைக்கும். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டமும் பூ அச்சும் வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ண சிமென்ட் குழம்பை ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, மேலே சாந்து போட்டுச் சமப்படுத்துவார்கள். பிறகு கல் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடக்கும், வெளியே எடுத்துக் காயவைப்பார்கள், கண்ணாடி பிரிந்து வரும். முகம் பார்க்கும் அந்தப் பளபளப்பு கண்ணாடியில் ஒட்டியிருந்ததால் வந்தது. ஆங்கிலக் குறிப்பில் அச்சு, கல், கண்ணாடி மூன்றுக்குமே ‘டேக்’தான்.

பக்கத்தில் நின்று கல் செய்பவரின் கையைப் பாருங்கள். அச்சை நேராக மேலே தூக்குகிறார், சற்றுச் சாய்ந்தாலும் வண்ணங்கள் கலந்துவிடும். தூக்கு என்றால் லெவன்தார்: ‘ஸெ லெவான்தா எல் மோல்தெ’. இங்கே கித்தார் போட்டால் இலக்கணம் பிழையில்லை, ஆனால் கையின் அசைவு போய்விடும். தண்ணீருக்குள்ளிருந்து வெளியே எடுப்பது ஸக்கார், அதற்கென்றே பிறந்த சொல்: ‘ஸெ ஸாக்கா தெல் ஆகுவா’. ஒட்டிக்கொண்டிருந்த கண்ணாடி பிரிந்து வருவதற்குத் தெஸ்பெகார். பசை விட்டுப்போவதைக் குறிக்கும் இந்தச் சொல்தான் விமானம் தரையை விட்டுக் கிளம்புவதற்கும், ஆங்கிலத்தின் ‘டேக் ஆஃப்’. சில நாள் ஆகும் என்பதற்குத் தர்தார். இதற்கு நிதானமான கை வேண்டும் என்று கடைசி வரி இருந்தால் ‘ஆஸெ ஃபால்தா புல்ஸோ’. தமிழில் ‘வேணும்’ என்று வரும் ‘டேக்ஸ்’ எல்லாம் ஆஸெ ஃபால்தா பக்கம் போகும்.

யார் தூக்குகிறார், யார் எடுக்கிறார் என்று சொல்லாமல் ‘ஸெ’ போட்டதையும் பார்த்திருப்பீர்கள். செய்முறை விளக்கத்துக்கு அதுதான் இயல்பு. ஆங்கிலத்தின் செயப்பாட்டுவினையை வரிக்கு வரி பெயர்த்தால் அரசாணை மாதிரி இருக்கும்.

அதே பத்தியில் கல்லுக்கு என்ன சொல் என்பதும் முக்கியம். அஸுலேஹோ என்று பலர் எழுதுகிறார்கள். அது சுவரில் பதிக்கும், பளபளப்பான பூச்சு கொண்ட சுட்ட ஓடு. தரைக்கு பல்தோஸா. சூளையில் சுடாமல் சிமென்ட்டில் செய்யும் தரைக்கல்லுக்கு ஸ்பெயினில் ‘பல்தோஸா இத்ராவ்லிக்கா’ என்றே பெயர். பார்ஸலோனாவின் பழைய வீடுகளில் அந்தத் தரை நிறைய உண்டு. அந்த இரண்டு சொல்லைச் சரியாகப் போட்டுவிட்டால் அவ்வூர்க்காரருக்கு மீதி விளக்கம் பாதி தேவைப்படாது. வளவுக்கு ‘பாத்தியோ’ என்று எழுதுங்கள், அவர்கள் வீட்டு நடுமுற்றத்துக்கும் அதே பெயர்தான்.

எழுதி முடித்ததும் சரிபார்க்கும் வேலை. நீங்கள் தேர்ந்தெடுத்த ஸ்பானிஷ் வினையை ஸ்பானிஷ்–ஸ்பானிஷ் அகராதியில் திருப்பிப் பாருங்கள். 1713-இல் தொடங்கிய ஸ்பானிய மொழிக் கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எந்தச் சொல் எந்த நாட்டில் கொச்சை என்ற குறிப்பும் அதில் உண்டு. அப்புறம் வினையையும் அதன் பின்வரும் பெயரையும் சேர்த்து மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். ஸ்பெயின் நாட்டு அருங்காட்சியகமோ ஹோட்டலோ அப்படியே எழுதியிருந்தால் நிம்மதி. இயந்திர மொழிபெயர்ப்பை நான் ஒதுக்கவில்லை, ஆனால் தனி வாக்கியமாகக் கொடுக்காமல் முழுப் பத்தியாகக் கொடுக்க வேண்டும். ஒற்றை வரியைப் பார்த்தால் தண்ணீர் மேலே போகிறதா கீழே வருகிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்?

‘டேக்’ கை வந்த பிறகு ‘லீவ்’ எடுங்கள், அது சுலபம். சாவியை விட்டுப் போ என்றால் தெஹார், பஸ் கிளம்பும் என்றால் ஸலீர், நான் கிளம்புகிறேன் என்றால் ஈர்ஸெ. ‘நோ’ கொஞ்சம் கடினம், தமிழில் எல்லாமே ‘தெரியும்’. நீந்தத் தெரியும், பதில் தெரியும் என்றால் ஸபேர். அவரைத் தெரியும், ஊரைத் தெரியும் என்று பழக்கத்தைச் சொன்னால் கொனொஸேர். ஐ வருகிறதா என்று பார்ப்பது இங்கேயும் ஓரளவு கைகொடுக்கும்.

‘ஆஸ்க்’தான் நமக்குப் பெரிய சோதனை. நம் ‘கேள்’ வழி கேட்கும், கடன் கேட்கும், பாட்டும் கேட்கும். பாட்டை விடுங்கள், அது எஸ்குச்சார். மற்ற இரண்டுக்கும் நான் சொல்லித் தருவது, பதிலாக என்ன கிடைக்கும் என்று பார்ப்பது. பதிலாகச் சொல் கிடைத்தால் ப்ரெகுன்தார்: வழி கேட்டார், விலை கேட்டார். பொருளோ உதவியோ கிடைத்தால் பெதீர்: தண்ணீர் கேட்டார், இன்னொரு பணியாரம் கேட்டார். ‘அம்மாவைக் கேட்டதாகச் சொல்’ என்று நலம் விசாரிக்கிறோமே, அதற்கு ‘ப்ரெகுன்தார் போர்’. மறுநாள் காலையில் ஒரு விருந்தாளி ‘ப்ரெகுன்தோ போர் லா ஆச்சி’ என்றால் அவர் ஆச்சி எங்கே, எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கிறார். பில்லை நீட்டாமல் ஆச்சியைக் கூப்பிடுங்கள்.